ஸ்பிளாஷ் ஸ்கிரீனை ஒழித்த மாப்பிள்ளை

எனக்கு மனிதர்களை நம்புவதில் கொஞ்சம் சிரமம் உண்டு. பொருள்களை நம்புவதில் அதைவிட அதிகச் சிரமம். கொடைரோடு ஸ்டேஷனில் ரயில் வந்து நின்ற பிறகும், இது மதுரை போகிற ரயில்தானா என்று நாலு பேரிடம் கேட்பேன். நாலு பேரும் ஒரே பதிலைச் சொன்னால், அதெப்படி நாலு பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே நடைமேடையில் நிற்பேன். (இரண்டு முறை ரயிலை விட்டிருக்கிறேன். இரண்டும் சரியான ரயில்தான்.)

இந்தக் குணத்தை இனி மறைத்துப் பயனில்லை. திண்டுக்கல்லில் என்னைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இது முன்பே தெரியும். தெரியாதவர்கள், ஒரு திங்கட்கிழமை காலை ஆட்சியர் அலுவலக வாசலில் கூட்டமாக நின்று தெரிந்துகொண்டார்கள்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தேன். கடை முத்துலட்சுமி அக்காவுடையது. வேலை செய்ய அக்காவும் நானும் மட்டும்தான். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வாசலில் ஒரு பெஞ்சு. கம்ப்யூட்டர்கள் இரண்டும் எந்தக் காலத்தில் வாங்கியவை என்று அக்காவுக்கே நினைவில்லை. ஒன்றைத் தட்டினால் மற்றொன்று முனகும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்று மட்டும் மாவட்டத்துச் சனம் பாதி எங்கள் வாசலில்தான் நிற்கும்.

அந்த நேரத்தில்தான் எனக்கு வத்தலக்குண்டில் ஒரு வரன் அமைந்தது. பெண்ணின் பெயர் கலைச்செல்வி. பி.காம். படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஜாதகம் பொருந்தியது. போட்டோ பரிமாறிக்கொண்டோம். அந்த போட்டோவை நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. இந்தப் பெண்தான் வேண்டும் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். பெண் வீட்டில் ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி வைத்தார்கள். "பையன விசாரிச்சுட்டுச் சொல்றோம்."

இந்த விசாரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை விசாரிக்க வருகிறவர் தான் யார் என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார். டீக்கடையில் உட்காருவார், வேலை செய்யும் இடத்தில் ஏதாவது காரியமாக வந்த மாதிரி நிற்பார், பேச்சுக் கொடுப்பார், போய்விடுவார். அவர் சொல்வதுதான் தீர்ப்பு. எனக்கு அதற்கு முன் நாலு வரன்கள் இந்த விசாரிப்பில்தான் கைவிட்டுப் போயிருந்தன. கடைசியாகப் போன வரனில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்லியிருக்கிறார். "பையன் தங்கம். என்ன, பால் பாக்கெட்ட மட்டும் வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குவான்."

அம்மா என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"ஏலே சரவணா, ஒனக்குப் புண்ணியமாப் போகும். ஒரு பத்து நாளைக்கு யாரையும் சந்தேகப்படாம இரு. எவன் வந்து எதக் கேட்டாலும் சிரிச்ச மூஞ்சியாப் பதில் சொல்லு."

"யாரையும்னா மனுசங்களத்தான?"

"வேற யாரடா சந்தேகப்படுவ?" என்றார் அம்மா.

தப்பான ஆளிடம் கேட்ட கேள்வி அது. மனிதர்கள் மேல் போட முடியாத சந்தேகத்தை நான் எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. எதிரே கம்ப்யூட்டர் இருந்தது.

கடையில் நாங்கள் இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஆபீஸ் மென்பொருளில்தான் மனு அடிப்போம். அதைத் திறக்கச் சொடுக்கியதும், உடனே திறக்காது. முதலில் திரையின் நடுவில் ஒரு பெட்டி வரும். அதில் ஒரு படம், ஒரு பெயர், கீழே மெதுவாக நகரும் ஒரு பட்டை. ஸ்பிளாஷ் ஸ்கிரீன் என்பார்கள். பட்டை ஊர்ந்து ஊர்ந்து மறுகரை சேர்ந்த பிறகுதான் வெள்ளைத் தாள் வரும். எங்கள் கம்ப்யூட்டரில் இதற்கு ஒன்றரை நிமிடம் ஆகும்.

ஆறு வருடமாகப் பார்த்த பெட்டிதான். அந்த வாரம்தான் எனக்கு உறைத்தது. இந்த ஒன்றரை நிமிடம் அது என்ன செய்கிறது? ஒரு படத்தைக் காட்டி நம்மை வாய் பார்க்க வைத்துவிட்டுப் பின்னால் என்ன நடக்கிறது? எவன் இலவசமாகக் கொடுப்பான்? எங்கள் கம்ப்யூட்டரில் மாவட்டத்தின் மனுக்கள் எல்லாம் இருந்தன. எந்த ஊரில் எந்த அண்ணன் எந்தத் தம்பியின் வரப்பை வெட்டினான், அய்யலூர்ச் சந்தையில் வாங்கிய ஆடு யார் கொல்லையில் மேய்ந்தது என்பது வரை எங்களிடம் இருந்தது. இந்த ரகசியங்களுக்காக வெளிநாட்டில் யாரோ காத்துக்கொண்டிருப்பதாக நான் மனமார நம்பினேன்.

இணையத்தில் தேடியபோது வழி கிடைத்தது. முகப்பில் இருக்கும் ஷார்ட்கட்டை வலது பக்கம் சொடுக்கி, அதன் பண்புகளைத் திறந்து, அங்கே இருக்கும் நீளமான வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு, இரண்டு சிறு கோடு போட்டு 'நோ லோகோ' என்று ஆங்கிலத்தில் சேர்த்தெழுத வேண்டும். அவ்வளவுதான், பெட்டி வராது. அதே பக்கத்தில் கீழே ஒருவர் எழுதியிருந்தார். 'இதனால் மென்பொருள் வேகமாகத் திறக்காது. படம் மட்டும்தான் மறையும். அதனால் தீங்கு ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள்.' இவருக்கு இதில் என்ன அக்கறை என்று எனக்கு அவர் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம், அக்கா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டரிலும் அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. (சொன்னால் கேள்வி கேட்பார். கேள்வி கேட்பவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். எதற்கு வம்பு?) ஒரு வேற்றுநாட்டு ஒற்றனைப் பிடித்து ஊரை விட்டே துரத்திய திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வாசலில் இருபது பேர் நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நேராக வந்து என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் பெரிய செல்போன். அவர் யார் என்று உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கலைச்செல்வியின் தாய்மாமன், பெயர் தங்கராசு, வத்தலக்குண்டில் தேங்காய் வியாபாரம். என்னை விசாரிக்க வந்திருந்தார். இதை எனக்கு மட்டும் அன்று யாரும் சொல்லவில்லை.

"தம்பி, ஒரு மனு எழுதணும்" என்றார்.

"சொல்லுங்கய்யா. பேரு?"

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். "ராமசாமி."

தன் பெயரைச் சொல்வதற்கு ஒரு மனிதன் மின்விசிறியை ஏன் பார்க்க வேண்டும்? எனக்குள் மணி அடித்தது. ஆனால் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. சிரித்த முகமாக, "என்ன விசயமா மனு?" என்றேன்.

"தெருவிளக்கு எரியல."

"எந்த ஊரு? எத்தனாவது வார்டு?"

"அது... நம்ம ஊருதான்." பேச்சை மாற்றினார். "தம்பிக்குச் சொந்த ஊரே திண்டுக்கல்லா? காலைல எத்தன மணிக்கு வருவீங்க? கடச் சாவி உங்ககிட்டத்தான் இருக்குமா?"

சாவியைப் பற்றி ஏன் கேட்கிறார்? (அவர் என்னவோ, முதலாளி நம்பிச் சாவி கொடுக்கிற பையனா என்று பார்த்திருக்கிறார்.) நான் சிரித்துக்கொண்டே மென்பொருளைச் சொடுக்கினேன்.

ஒன்றும் வரவில்லை.

பெட்டி வராதபடி செய்தவனே நான்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, வெறும் திரையை ஒன்றரை நிமிடம் பார்த்துக்கொண்டு உட்காருவது வேறு. பத்து விநாடி பார்த்தேன். சொடுக்கியது விழவில்லையோ என்று மறுபடி சொடுக்கினேன். அப்புறம் இன்னும் இரண்டு முறை. எனக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. இதுவரை முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தவன், இப்போது முகத்தைக் காட்டாமல் உள்ளே இருக்கிறான்.

பக்கத்தில் அக்காவின் நிலைமை இன்னும் மோசம். அக்காவுக்கு அந்தப் பெட்டிதான் காலைக் கடிகாரம். பட்டை பாதி தூரம் வருவதற்குள் கொண்டை போடுவார், முழுதும் வருவதற்குள் பிரிண்டரில் தாள் அடுக்குவார். அன்று கொண்டை போட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தால் திரையில் ஒன்றுமே இல்லை.

"ஏலே, என்னடா இது செத்துப் போச்சா?" என்று சொடுக்கத் தொடங்கினார். அக்கா சொடுக்கினால் ஒன்று இரண்டோடு நிற்காது, அம்மியில் வெஞ்சனத்துக்குத் தேங்காய் நைப்பது போலச் சொடுக்குவார். "பெட்டியவே காணோமே! யாரு எடுத்தா?"

"எந்தப் பெட்டி காணோம்?" என்று வாசலில் நின்ற கூட்டம் எட்டிப் பார்த்தது.

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் எதிரே உட்கார்ந்திருந்தவரோ வேகம் பிடித்திருந்தார்.

"தம்பி கண்ணாடி எப்பருந்து போடுறீங்க? வெத்தல பாக்கு, பீடி ஏதும் உண்டா? கோவம் வருமா?"

"அய்யா, மனுவுக்கு இதெல்லாம் வேணாம். உங்க பேரச் சொல்லுங்க."

"முன்னாடியே சொன்னேனே."

"திருப்பிச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "கோவிந்தசாமி" என்றார்.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் ஆடத் தொடங்கியது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, "மனு தெருவிளக்குப் பத்தித்தானே?" என்றேன்.

"ஆமா, குடிதண்ணிக் குழா" என்றார்.

நான் திரையின் பக்கம் திரும்பிய அந்த நேரத்தில் அவர் மெதுவாக செல்போனைத் தூக்கினார். வீட்டில் காட்டுவதற்காக மாப்பிள்ளையைத் தெரியாமல் ஒரு போட்டோ எடுக்கலாம் என்று நினைத்திருக்கிறார். பாவம், அந்த போனில் ஃபிளாஷை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. பளிச்சென்று ஒரு வெளிச்சம் என் முகத்தில் அடித்தது.

அதே விநாடியில் மென்பொருள் விழித்துக்கொண்டது.

ஒரு வெள்ளைத் தாள் வந்தது. அதன் மேல் இன்னொன்று. அதற்கு மேல் இன்னொன்று. நான் சொடுக்கியவை எல்லாம் வரிசையாக, யாரும் கை வைக்காமல், படபடவென்று திறந்துகொண்டன. பக்கத்தில் அக்காவின் திரையிலோ தாள்கள் கல்யாணப் பந்தியில் இலை போடுவது போல விழுந்துகொண்டே இருந்தன. நாற்பது இருக்கும். இரண்டு கம்ப்யூட்டரும் ஒருசேர முனகிவிட்டு உறைந்து நின்றன.

வெளிச்சம் அடித்தது, கம்ப்யூட்டர் தானாக ஆடியது. எனக்குக் கணக்கு நேராகிவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"போனக் கீழ வைய்யி! யாருய்யா நீ? யாரு ஒன்ன அனுப்புனா?"

"தம்பி, தம்பி, நான் சும்மா..."

"அக்கா, இந்த ஆளு போன்லருந்து நம்ம கம்ப்யூட்டர ஓட்டுறான்! சனிக்கெழம அடைச்ச வழிய இன்னைக்கு நேர்ல வந்து தொறக்குறான்!"

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். அதில் என் முகம், பாதி வாய் திறந்த நிலையில், யாருக்கோ அனுப்பத் தயாராக இருந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து ஆட்சியர் அலுவலக வாசலுக்குப் போனேன். எங்கள் பின்னால் இருபது மனுதாரர்கள் வந்தார்கள். போகிற வழியில் கூட்டம் இரண்டு மடங்கானது. வாசலில் நின்ற ஏட்டய்யாவிடம், "சார், பேர மாத்தி மாத்திச் சொல்றாரு. சாவிய விசாரிக்கிறாரு. என்னைய போட்டோ எடுத்திருக்காரு. கம்ப்யூட்டர் ரெண்டும் போச்சு" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

ஏட்டய்யா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பேரு என்னய்யா?"

அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. தான் யார் என்று சொன்னால் விசாரிக்க வந்த குட்டு உடையும், சொல்லாவிட்டால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். கொஞ்ச நேரம் இரண்டையும் எடை போட்டுப் பார்த்திருப்பார் போல.

"தங்கராசு" என்றார் கடைசியில். "வத்தலக்குண்டு. இந்தத் தம்பிக்கு எங்க அக்கா மகளத் தாரதாப் பேச்சு. பையன் எப்பிடின்னு விசாரிக்க வந்தேன்."

பின்னால் நின்ற ஓர் அம்மாள், "ஆத்தீ, மாமனையா பிடிச்சுக் குடுத்தான்?" என்றார். அப்புறம் எழுந்த சிரிப்பில் குறைதீர்க்கும் நாளே கொஞ்ச நேரம் நின்றுபோனது. நான் அவர் கையை விடுவதற்கே மறந்து போய், பிடித்தபடி நின்றிருந்தேன். ஏட்டய்யாதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

"அப்ப மாப்பிள்ளைக்குக் கோவம் வரும்னு எழுதிக்கங்க" என்று அவரிடம் சொல்லி அனுப்பினார்.

தங்கராசு மாமா போனை வாங்கிக்கொண்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாவது வரனும் போயிற்று. மற்ற நாலும் போனபோது எனக்கு வருத்தம் பெரிதாக இல்லை. இந்த முறை அந்த போட்டோவை எடுத்துப் பார்க்கவே முடியவில்லை. பெட்டியை எடுத்தவன் நான்தான் என்று தெரிந்து, அன்று அக்கா வாசல் கூட்டத்துக்கே கேட்கும்படி திட்டிய திட்டு எதுவும் எனக்கு ஏறவேயில்லை. சேர்த்த வரியை அழித்துவிட்டு உட்கார்ந்தேன். பெட்டி திரும்ப வந்தது. அம்மா மட்டும் நடந்ததைக் கேட்டுவிட்டு, "பத்து நாளுதானடா கேட்டேன்" என்றார். மூன்று நாள் அந்த ஒரு வாக்கியத்தோடு என் வீட்டில் சோறு போட்டார்கள்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கூட அவள் அம்மா. போட்டோவில் பார்த்த முகம்தான், கோபம் மட்டும் புதிது.

"பேரு கலைச்செல்வி. நெச பேரு" என்றாள். "விசாரிக்க வந்திருக்கேன். சொல்லிட்டே கேக்குறேன். ஊரே பேசுதே, அந்தப் பெட்டிய எதுக்கு எடுத்தீங்க?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "அது என்ன பண்ணுதுன்னு தெரியல. அதான்."

"கண்டுபிடிச்சீங்களா?"

"இல்ல."

"அது ஒண்ணும் பண்ணலங்க. செத்த நேரம் இருங்க, வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுது. அம்புட்டுதான். எங்க ஆபீஸ்லயும் அதத்தான் வச்சிருக்கோம்."

ஆறு வருடம் நான் யோசிக்காத ஒன்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "உங்க மாமாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றேன்.

"மாமா இந்த எடமே வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு" என்றாள். "நாந்தான் கேட்டேன். மாமா, நீங்க சொன்ன பேரு பொய். சொன்ன மனு பொய். சும்மாதான்னு சொன்னதும் பொய். அம்புட்டுப் பொய்யில ஒண்ணக்கூட அவரு நம்பல. இதுக்கு மேல ஒரு மாப்பிள்ளைய எப்பிடி விசாரிக்கிறதுன்னு கேட்டேன்."

அவளுடைய அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முத்துலட்சுமி அக்கா வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் முடிந்தது.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. தங்கராசு மாமா என்னை மன்னித்துவிட்டதாகத்தான் சொல்கிறார். ஆனால் எங்கள் வீட்டுக்கு வரும்போது இன்றுவரை நேராக உள்ளே வருவதில்லை. கேட்டுக்கு வெளியே நின்று தெருவுக்கே கேட்கும்படி அறிவிப்பார். "பேரு தங்கராசு, ஊரு வத்தலக்குண்டு, கலைச்செல்விக்குத் தாய்மாமன், சோறு திங்க வந்திருக்கேன், போன் பைக்குள்ள இருக்கு!" தெருவில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய்க் கேட்டைத் திறப்பேன்.

போன மாதம் அவர் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஐந்து வயது மகள்தான் கேட்டுக்குப் போனாள். மாமா வழக்கம்போல எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்தார். அவள் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு நடுவே கையை நீட்டினாள்.

"ஆதார் கார்டக் குடுங்க தாத்தா, பாத்துட்டுச் சொல்றேன்."